பெட்டியில் வராத வீரர்கள்: போர் விளையாட்டுச் சிற்றுருவங்களில் பாகம் மாற்றும் கலையின் வரலாறு



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் வரலாற்று வாரம் நடந்தது. படிவம் நான்கு மாணவி ஒருத்தி, உள்ளங்கை அகலப் பலகையில் ஒரு சின்ன உருவத்தை ஒட்டிக் கொண்டு வந்தாள். உயரம் ஐந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். காக்கிச் சட்டை, நீள்காற்சட்டை, சாய்ந்த துணித் தொப்பி, தோளில் துப்பாக்கி, இடுப்போரம் ஒரு மருந்துப் பெட்டி. 1943-இல் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கிய ஜான்சி ராணிப் படையின் பெண் அவள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் அந்தப் படையில் நிறையப் பேர் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

"இது கடையில வாங்கினதா?" என்று கேட்டேன். "இல்ல சார். உடம்பும் துப்பாக்கியும் பிரிட்டிஷ் சோல்ஜர் பெட்டி. தலை இன்னொரு பெட்டி. இந்த மருந்துப் பெட்டி ஒரு லாரி கிட்ல வந்த எண்ணெய் டின். எல்லாம் அண்ணனோடது" என்றாள். தொப்பியும் முடியும் மட்டும் அவளே புட்டியில் பிடித்தது.

மதிப்பீட்டுத் தாளில் 'சொந்தப் படைப்பு' என்ற கட்டத்தில் பத்துக்கு நான்கு புள்ளி போட்டேன். அடுத்தவன் செய்த பாகங்களை ஒட்டினால் அது எப்படிச் சொந்தப் படைப்பு ஆகும் என்பது அன்றைக்கு என் எண்ணம். அவள் வாதாடவில்லை. "பெட்டியில நம்ம ஆளுங்க யாரும் வரல சார். அதான் செஞ்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஒரு வரி என்னை விடவில்லை. இந்தக் கலை எங்கிருந்து வந்தது, யார் எதற்காகச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததை இங்கே பகிர்கிறேன்.

மேசைக்கு வந்த போர்

போரை மேசை மேல் விளையாடும் பழக்கத்துக்கு ஒரு தெளிவான தொடக்கம் பிரஷ்யாவில் இருக்கிறது. 1812-இல் ரைஸ்விட்ஸ் என்பவர், நிலத்தோற்றத்தை மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசையை மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்குக் காட்டினார். அவருடைய மகன் 1824-இல் விதிகளைத் திருத்தி நூலாக வெளியிட்டார். 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்று பெயர். ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி இது. இதில் படைகளைக் காட்டியவை சிறு கட்டைகள். முகமோ உடையோ அவற்றுக்கு இல்லை.

முகமும் உடையும் உள்ள பொம்மை வீரர்கள் வீடுகளுக்கு மலிவாகப் போய்ச் சேர்ந்தது பிறகுதான். 1893-இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் ஈய வீரர்களை உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஈயம் குறைந்தது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இந்த வீரர்களை வைத்து விளையாடி, 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலை எழுதினார். அவருடைய போர்க்களம் வீட்டுத் தரை. மரக்கட்டைகள் வீடாக நின்றன, செடிக் கிளைகள் மரமாக நின்றன. ஒரு பொருளை இன்னொன்றாகப் பார்க்கும் கண் அப்போதே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பெட்டி தந்ததும் தராததும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் 1939-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், முதலில் ரப்பர் பொம்மையும் சீப்பும் செய்தது. 1952-இல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற கப்பலைப் பிரித்த பாகங்களாக உல்வர்த் கடைகளில் விற்றது. பிறகு ஸ்பிட்ஃபயர் விமானம் வந்தது. 1959-இல் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் வீரர்கள் வந்தார்கள். ஒரு பெட்டியில் நாற்பதுக்கு மேல் உருவங்கள், அதுவும் சிறுவர்களின் கைச்செலவுக் காசுக்குக் கட்டுப்படியான விலையில்.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. நிறுவனம் எது விற்குமோ அதைத்தான் வார்க்கும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்கள் பெட்டியில் கிடைத்தார்கள். ஆனால் பெரியவர்கள் பலர் விளையாட விரும்பியது நெப்போலியன் காலப் போர்களை. அந்த வீரர்கள் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளில் வந்தது 1960களின் பிற்பகுதியில்தான். அதுவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை?

கத்தியை எடுத்தார்கள். உள்நாட்டுப் போர் வீரனின் தொப்பியைச் செதுக்கி எடுத்துவிட்டு வேறு தொப்பி வைத்தார்கள். ஒருவன் தலையை இன்னொருவன் உடலில் பொருத்தினார்கள். காகிதத்தை வெட்டி மேலங்கியின் வால் செய்தார்கள். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-இல் வெளியிட்ட 'வார் கேம்ஸ்' நூல் இந்தப் பொழுதுபோக்கை ஆயிரக்கணக்கானோரிடம் கொண்டு சேர்த்தது. 1960-இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் இதழும் இப்படி மாற்றும் வழிகளைத் தொடர்ந்து வெளியிட்டது. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய இதழே, அதன் பொருளை வெட்டச் சொல்லிக் கொடுத்தது!

வேலை எளிதாக இருக்கவில்லை. விமானப் பெட்டிகள் பாலிஸ்டைரீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். அதற்குரிய பசை இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்த பிறகு இணைப்பு என்பது பற்றாசு வைத்ததுபோல் உறுதியாக இருக்கும். ஆனால் சின்ன வீரர்கள் பாலிஎத்திலீன் என்ற வழவழப்பான மென் பிளாஸ்டிக். அந்தப் பசை அதில் ஒட்டாது. ஆகவே கழுத்தில் ஊசியைச் செருகி, அதன் மேல் தலையைக் குத்தி நிறுத்தினார்கள். பொருளின் தன்மை தெரியாமல் கை வைத்தால் தலை கையோடு வந்துவிடும்.

இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். இருக்கும் ஓர் உருவத்தைச் செதுக்கி வேறாக்குவது 'கன்வர்ஷன்'. பல பெட்டிகளின் பாகங்களைச் சேர்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்குவது 'கிட்பேஷிங்'. இந்த இரண்டாவது சொல், மாதிரி ரயில் செய்யும் அமெரிக்கர்களிடமும் நன்கு புழங்கியது. என் மாணவி இரண்டையும் செய்திருந்தாள்.

அளவு என்ற கண்டிப்பான வாத்தியார்

பாகம் மாற்றுகிறவர்களை எப்போதும் கண்டிக்கும் வாத்தியார் ஒருவர் உண்டு. அவர் பெயர் அளவு விகிதம்.

1:72 என்றால் ஓர் அங்குலம் ஆறு அடிக்குச் சமம். அடி, அங்குலத்தில் கணக்குப் போட்ட நாட்டுக்கு அது வசதி. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் தன் பாந்தர் டாங்கியை 1:35 அளவில் செய்தது. காரணம் வரலாற்று ஆய்வு ஒன்றுமில்லை. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் கொள்ள வேண்டும், அவ்வளவுதான்! அந்த அளவு இன்று உலகம் முழுவதும் ராணுவ மாதிரிகளுக்கு வழக்கமாகிவிட்டது.

175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1:72 அளவில் அவர் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். 1:48 அளவில் 36. 1:35 அளவில் 50. இன்றைய போர் விளையாட்டில் மிகவும் புழங்குவது '28 மில்லிமீட்டர்' உருவங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல நிறுவனங்கள் இந்த 28-ஐப் பாதத்திலிருந்து கண் வரைக்கும்தான் அளக்கின்றன. அதோடு, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியட்டும் என்று தலையையும் கையையும் துப்பாக்கியையும் பெரிதாக்கி வார்க்கின்றன. அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பிப் பாகம் வாங்கினால் ஏமாந்துவிடுவோம்.

அளவு மாறினால் பொருளே மாறும் என்பது இன்னொரு பாடம். போர்க்கால எண்ணெய் டின் ஒன்றின் உண்மையான உயரம் சுமார் 47 சென்டிமீட்டர். 1:72 லாரிப் பெட்டியில் அது 6.5 மில்லிமீட்டர். அதே 6.5 மில்லிமீட்டரை 1:35 அளவுள்ள ஆள் பக்கத்தில் வைத்தால், அது ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சிறு பெட்டி. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். என் மாணவி செய்தது இதைத்தான். எண்ணெய் டின்னை மருந்துப் பெட்டியாக்கியது விளையாட்டுத்தனம் என்று நான் நினைத்தேன். அது சரியான கணக்கு. ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கிப் பயிற்சியோடு தாதிப் பணியும் இருந்தது என்பதையும் அவள் படித்திருக்கிறாள்.

டைனோசார் பொம்மை, டிராகன் ஆன கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெனீவா ஏரி என்ற ஊரில் கேரி கைகாக்ஸ் என்பவர் இருந்தார். 1971-இல் ஜெஃப் பெரனுடன் சேர்ந்து 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிகளை வெளியிட்டார். அதன் பின்னிணைப்பில் டிராகன், மந்திரவாதி, அரக்கன் எல்லாம் வந்தார்கள். விதி எழுதியாயிற்று, மேசை மேல் வைக்க டிராகன் வேண்டுமே? கைகாக்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டெகோசாரஸ் பொம்மையை மாற்றி டிராகன் செய்துகொண்டார்.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஹாங்காங்கில் செய்து, பைகளில் அடைத்து மலிவாக விற்ற விசித்திர மிருகப் பொம்மைகளை அவர் வாங்கினார். அவை என்ன மிருகம் என்று பையில் எழுதியிருக்காது. அவரும் நண்பர்களும் அவற்றுக்குப் பெயரும் குணமும் கொடுத்தார்கள். 1974-இல் டேவ் ஆர்னெசனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் இரும்பைத் துருவாக்கித் தின்னும் மிருகமும், ஆந்தைத் தலைக் கரடியும் பிற்பாடு இப்படித்தான் இடம்பிடித்தன. பெயர் தெரியாத ஒரு தொழிற்சாலையின் மலிவுப் பொம்மை, உலகம் அறிந்த ஒரு கற்பனைக்கு உடல் கொடுத்தது.

திரைப்படத்துறையும் இதே வழியில் போனது. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கலங்களைச் செய்தவர்கள், டாங்கி, கார், விமானப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி, அவற்றின் சிறு பாகங்களைக் கலங்களின் மேல் ஒட்டினார்கள். சிறு சிறு விவரங்கள் நிறைய இருந்தால் கண் அதைப் பெரிய இயந்திரமாக நம்பும். டாங்கியின் பாகம் விண்வெளியில் மிதந்தபோது, "இது காப்பி" என்று யாரும் புள்ளியைக் குறைக்கவில்லை.

டியோடரண்ட் டப்பாவும் நீதிமன்றமும்

இங்கிலாந்தில் 1975-இல் தொடங்கிய கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம், 1983-இல் 'வார்ஹாமர்' விளையாட்டையும், 1987-இல் அதன் எதிர்கால உலகமான 'வார்ஹாமர் 40,000'-ஐயும் வெளியிட்டது. புதிய உலகம், ஆனால் அதற்கு வேண்டிய வண்டிகள் கடையில் இல்லை. அந்த ஆரம்ப நாட்களில், டியோடரண்ட் டப்பாவை உடலாக வைத்து மிதக்கும் போர் வண்டி செய்யும் வழியை நிறுவனமே வாசகர்களுக்குக் காட்டியது. பழைய விளையாட்டாளர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை அது.

அதே காலத்தில் கை, தலை, துப்பாக்கி தனித்தனியாக வரும் பிளாஸ்டிக் பெட்டிகளும் வந்தன. அதற்கு முன் உலோக உருவத்தின் கையை மாற்ற வேண்டுமானால் சிறு ரம்பத்தால் அறுத்து, துளையிட்டு, கம்பி செருக வேண்டும். பிளாஸ்டிக்குக்குக் கத்தியும் பசையும் போதும். இடைவெளியை நிரப்ப இரண்டு நிறக் களிம்பைப் பிசைந்து செய்யும் எபாக்ஸி புட்டி இருந்தது. நிபுணர்களின் வேலை பள்ளி மாணவன் கைக்கும் வந்தது.

பிறகு பாகம் மட்டும் விற்கும் சிறு நிறுவனங்கள் முளைத்தன. பெரிய நிறுவனத்தின் வீரனுக்குப் பொருந்தும் தலை, தோள்கவசம் என்று தனியாக விற்றார்கள். அவற்றில் ஒன்றான சாப்டர்ஹவுஸ் ஸ்டூடியோஸ் மீது, கேம்ஸ் வொர்க்ஷாப் 2010-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2013-இல் ஜூரிகளின் தீர்ப்பு வந்தது. சில கோரிக்கைகளில் பெரிய நிறுவனம் வென்றது, பலவற்றில் தோற்றது. எந்தத் தரப்பும் முழு வெற்றி என்று சொல்ல முடியாத முடிவு. அந்தக் காலகட்டத்துக்குப் பிறகு, தான் விற்காத உருவங்களுக்கு விதி எழுதும் வழக்கத்தை நிறுவனம் பெருமளவு குறைத்துக்கொண்டது. "டப்பாவை வெட்டி நீங்களே செய்யுங்கள்" என்று சொன்ன காலம் போய், பெட்டியில் உள்ளதுதான் மேசையில் உள்ளது என்ற நிலை நெருங்கியது.

இதில் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் தம் வீட்டு மேசைக்காக வாங்கிய பெட்டியை வெட்டி மாற்றுவது ஒன்று. இன்னொருவருடைய வடிவத்தைச் சார்ந்து பொருள் செய்து விற்பது வேறொன்று. வழக்கு இரண்டாவதைப் பற்றியது. முதலாவது இன்றும் ஆயிரம் வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.

நான் போட்ட நான்கு புள்ளி

இத்தனையும் படித்த பிறகு, என் மதிப்பீட்டுத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. கடையில் இருந்தது போதவில்லை. நெப்போலியன் வீரன் இல்லை, டிராகன் இல்லை, எதிர்கால வண்டி இல்லை. இல்லாததை வேண்டியவர்கள் இருப்பதை வெட்டினார்கள். வியாபாரி எதைப் பெட்டியில் போடுகிறானோ அதுதான் வரலாறு என்று விட்டிருந்தால், மேசை மேல் விற்பனையாகும் வீரர்கள் மட்டும்தான் நின்றிருப்பார்கள். அந்தப் பெண்ணின் அண்ணன் வாங்கிய பெட்டிகளில் மலாயாவில் போரிட்ட பிரிட்டிஷ்காரன் இருந்தான். தோட்டத்திலிருந்து புறப்பட்டுப் போன நம் பெண் இல்லை. அவளை மேசைக்குக் கொண்டு வர வேறு வழி இருந்ததா, சொல்லுங்க?

மாந்தோட்டத்தில் ஒட்டுக் கட்டுகிறவர் அடிமரத்தையும் செய்யவில்லை, மேல்கிளையையும் செய்யவில்லை. ஆனாலும் ஒட்டுமாங்கன்று அவருடைய வேலை. எந்தக் கிளையை எந்த மரத்தில், எந்தப் பதத்தில் சேர்ப்பது என்பது அவருடைய அறிவு. என் மாணவியின் அறிவு எங்கே இருந்தது? அளவு பொருந்தும் பாகத்தைத் தேடியதில், இரும்புத் தொப்பி இல்லாத தலையைத் தேர்ந்ததில், எண்ணெய் டின்னை மருந்துப் பெட்டியாகக் கண்டதில், எந்தப் பாகம் எந்தப் பெட்டி என்று கேட்டவுடன் மறைக்காமல் சொன்னதில். கடைசியாகச் சொன்னதுதான் காப்பியடிப்பவனுக்கும் அவளுக்கும் உள்ள வேறுபாடு. காப்பியடிப்பவன் மூலத்தை மறைப்பான்.

நம் கட்டுரை வகுப்புக்கும் இது பொருந்தும். மாணவர்கள் பழமொழி, திருக்குறள், செய்தி, புள்ளிவிவரம் என்று பல இடங்களிலிருந்து எடுக்கிறார்கள். எடுப்பது தவறில்லை. 1:72 தலையை 1:35 உடலில் ஒட்டுவதுபோல், தலைப்புக்குப் பொருந்தாத மேற்கோளைச் செருகுவதுதான் தவறு. பத்திக்கும் பத்திக்கும் நடுவே இடைவெளி பல்லை இளித்தால், புட்டி வைக்கவில்லை என்று அர்த்தம்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியைக் கூப்பிட்டேன். "நான் தப்பா புள்ளி போட்டுட்டேன்மா" என்றேன். அவள் சிரித்தாள். "பரவால்ல சார். அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு பேர் செய்யப் போறேன். ஒரு ஆளு தனியா நின்னா படையா தெரியல" என்றாள். வரலாற்று வாரம் முடிந்து போனதால் புள்ளியை மாற்ற முடியவில்லை. மதிப்பீட்டு அட்டவணையை மாற்ற முடிந்தது. 'சொந்தப் படைப்பு' என்ற கட்டத்துக்குக் கீழே இப்போது மூன்று கேள்விகள் இருக்கின்றன: எதை எங்கிருந்து எடுத்தாய்? ஏன் மாற்றினாய்? மாற்றியது சரி என்று எப்படித் தெரியும்?

வகுப்பறைக் கலந்துரையாடலுக்கு

1. 1:35 அளவில் ஒரு துப்பாக்கி 32 மில்லிமீட்டர் நீளம் இருக்கிறது. உண்மையான துப்பாக்கியின் நீளம் என்ன? அதே துப்பாக்கி 1:72 அளவில் எவ்வளவு இருக்கும்?
2. ஏர்ஃபிக்ஸ் வீரர்களை மாற்றியவர்களையும் கைகாக்ஸையும் கத்தியை எடுக்க வைத்த காரணங்களை ஒப்பிடுக.
3. "விற்பனையாகும் வரலாறு மட்டுமே நினைவில் நிற்கும்." இக்கூற்றை ஏற்கிறீர்களா? நம் நாட்டு வரலாற்றிலிருந்து ஒரு சான்றுடன் விளக்குக.
4. உங்கள் குடும்ப வரலாற்றில், எந்தப் பெட்டியிலும் வராத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவரைச் சிற்றுருவமாகச் செய்ய எந்த உடை, எந்தப் பொருள், எந்த நிற்கும் நிலை வேண்டும் என்று 100 சொற்களில் எழுதுக.